“அந்த ரூமுக்குள்ள போனா எல்லாரும் பார்ப்பாங்கம்மா!”

வாசகர் கேள்வி – பதில்

(மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் 23 ஆண்டுகள் பள்ளி ஆலோசகராக வேலை பார்த்தவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் மகள் 9-ம் வகுப்பு, சிபிஎஸ்இ பள்ளி. அரையாண்டுத் தேர்விலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. எதைக் கேட்டாலும் ‘ஒண்ணுமில்ல’. பள்ளியில் கவுன்சிலர் இருக்கிறார். “ஒரு தடவை போய்ப் பேசேன்” என்றால், “நான் என்ன லூசா? அந்த ரூமுக்குள்ள போனா எல்லாரும் பார்ப்பாங்கம்மா” என்று அழுகிறாள். கட்டாயப்படுத்தி அனுப்பலாமா?
– ஒரு தாய், கும்பகோணம்

கட்டாயப்படுத்த வேண்டாம் அம்மா. உங்கள் மகள் சொன்னதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ‘லூசா’ என்பது மட்டும்தான் நம் காதில் விழுகிறது. உடனே, “அப்படியெல்லாம் இல்லடி, படிச்சவங்கதான் போவாங்க” என்று சமாதானம் சொல்கிறோம். அவள் உண்மையான காரணத்தைச் சொன்னது அடுத்த வாக்கியத்தில். எல்லாரும் பார்ப்பார்கள். அது நிஜம்தானே?

நான் முதலில் சேர்ந்த பள்ளியில் எனக்குக் கொடுத்த அறை, தலைமையாசிரியர் அறையை ஒட்டி இருந்தது. எதிரே ஃபீஸ் கட்டும் கவுன்ட்டர். கதவில் கண்ணாடி. வெளியே ஒரு மர பெஞ்ச். பி.டி. பீரியட் முடிந்து மைதானத்திலிருந்து வருகிற பிள்ளைகள் அத்தனை பேரும் அந்த பெஞ்சைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போக வேண்டும். அதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தால், மதியச் சாப்பாட்டுக்குள் அவளுக்கு என்ன பிரச்னை என்று நான்கு கதை கிளம்பிவிடும். ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து தீபாவளி வரைக்கும் தானாக என்னைத் தேடி வந்த பிள்ளைகள் மொத்தம் நான்கு பேர்.

தீபாவளி லீவு முடிந்ததும், நூலகத்துக்குப் பின்னால் பழைய அட்லஸும் குளோபும் போட்டு வைத்திருந்த சின்ன அறையைக் கேட்டு வாங்கினேன். வெளிச்சம் குறைவு, ஃபேன் சத்தம் வேறு. ஆனால் நூலகத்துக்குள் போகிற பிள்ளையை ‘எங்கே போற’ என்று யாரும் கேட்பதில்லை. பொங்கலுக்குள் யார் எப்போது வருகிறார்கள் என்று எழுதி வைக்க ஒரு நோட்டே போட வேண்டியதாகிவிட்டது. நான் அதே ஆள்தான், அதே படிப்புதான். வாசல்தான் மாறியிருந்தது.

அதனால், “போய்ப் பேசு” என்று மகளிடம் சொல்வதற்கு முன்னால், நீங்கள் அந்தக் கவுன்சிலருக்கு ஒரு போன் போடுங்கள். மற்றவர்கள் கண்ணில் படாமல் வர எந்த நேரம் தோது, பள்ளி விட்ட பிறகு இருப்பாரா, வேறு இடத்தில் பேச முடியுமா என்று கேளுங்கள். வகுப்பு நடக்கும்போது பியூனை அனுப்பி, “கவுன்சிலர் கூப்பிடுறாங்க” என்று 40 பேர் முன்னால் கூப்பிட வேண்டாம் என்று கட்டாயம் சொல்லிவிடுங்கள். அப்புறம் மகளிடம், “உனக்கு ஏதோ பிரச்னை இருக்கு” என்று தொடங்காதீர்கள். “நீ சாப்பிடாம இருக்கிறது எனக்குக் கவலையா இருக்கு” என்று சொல்லிப் பாருங்கள். முதல் பேச்சில் பிள்ளை குற்றவாளி ஆகிவிடுகிறாள். இரண்டாவது பேச்சில் பயப்படுகிற ஆள் நீங்கள்.

வாரக்கணக்கில் சாப்பாடும் தூக்கமும் கெட்டிருப்பதால் வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள். ரத்தசோகை, தைராய்டு போன்றவை இருந்தாலும் பிள்ளைகள் இப்படிச் சோர்ந்து போவதுண்டு. ஒன்றே ஒன்று: சாவைப் பற்றிப் பேசினாலோ, கையில் கீறல் காயம் பார்த்தாலோ அவள் சம்மதத்துக்குக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் 1,400 மாணவர்கள். போன ஜூனில் கவுன்சிலர் நியமித்தோம். நாங்களாக அனுப்பி வைத்தவர்களைத் தவிர ஒருவர்கூடப் போகவில்லை. உண்மையிலேயே பிள்ளைகளுக்கு இவ்வளவு பிரச்னை இருக்கிறதா, அல்லது இது வெட்டிச் செலவா?
– ஓர் ஆசிரியர், விருதுநகர் மாவட்டம்

‘நாங்களாக அனுப்பி வைத்தவர்களைத் தவிர’ என்று எழுதியிருக்கிறீர்களே சார், அங்கேதான் பதில் இருக்கிறது. யாரை அனுப்பினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். சண்டை போட்டவன், மொபைல் கொண்டுவந்து மாட்டியவன், தொடர்ந்து லேட்டாக வருகிறவன். எந்தக் குரலில் அனுப்பினீர்கள் என்றும் யோசியுங்கள். “நீயெல்லாம் சொன்னா கேக்க மாட்ட, போ, கவுன்சிலர்கிட்ட போ!”

ஒருமுறை 8-ம் வகுப்புப் பையன் ஒருவனை இப்படித்தான் என்னிடம் அனுப்பினார்கள். கதவோரம் வந்து நின்றான். வலது கையைப் பாதி நீட்டினான், மடக்கினான், மறுபடியும் நீட்டினான். எனக்கு முதலில் புரியவே இல்லை. அடி வாங்குவதற்கு நீட்டுகிறான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. “அப்பாவைக் கூட்டிட்டு வரணுமா மிஸ்?” என்றான். அவனோடு உட்கார்ந்து பேச மூன்று வாரம் ஆயிற்று. தண்டனை தருகிற அறை என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால், நல்ல பிள்ளை என்று பெயர் எடுத்த எந்த மாணவியும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டாள். உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டு முதல் ரேங்க் எடுக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் சார். அவர்களை நீங்கள் அனுப்பவும் மாட்டீர்கள்.

அப்புறம், அந்தக் கவுன்சிலரை வைத்து வேறு என்னென்ன வேலை வாங்குகிறீர்கள்? ஆசிரியர் லீவு போட்டால் சப்ஸ்டிட்யூஷன், தேர்வு வந்தால் ஹால் சூப்பர்வைசர், ஒழுங்கு நடவடிக்கைக் கமிட்டியில் ஒரு நாற்காலி. நான் எல்லாமே செய்திருக்கிறேன். 9-பி வகுப்புக்கு சப்ஸ்டிட்யூஷன் போய், பேசிக்கொண்டே இருந்த ஒரு பெண்ணை எழுப்பி நிற்க வைத்தேன். அடுத்த வாரம் அவள் என்னிடம் வருவதாக இருந்தது. வரவில்லை. வராண்டாவில் பார்த்துக் கேட்டபோது, “அன்னைக்குத் திட்டுனீங்கல்ல மிஸ்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கமிட்டியில் உட்கார்ந்து டி.சி. கொடுக்கக் கையெழுத்துப் போடுகிறவரிடம் எந்தப் பிள்ளை மனசைத் திறக்கும்?

பெயரே ஒரு தடை என்பதும் எனக்கு வேலையில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. நம் ஊரில் ‘கவுன்சிலிங்’ என்றால் பெற்றோருக்கு இன்ஜினீயரிங் சீட். அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு டிரான்ஸ்ஃபர். முதல் வருஷம் ‘கவுன்சிலிங் சென்டர்’ என்று போர்டு மாட்டியிருந்தோம். கையில் மார்க் ஷீட்டோடு ஓர் அப்பா அரை மணி நேரம் காத்திருந்து, “கட் ஆஃப் 178-க்கு எந்த காலேஜ் கிடைக்கும் மேடம்?” என்று கேட்டார். போர்டைக் கழற்றிவிட்டேன். ஒவ்வொரு செக்‌ஷனிலும் ஒரு பீரியட் கேட்டு வாங்கி, நான் யார், என்னிடம் என்னென்ன பேசலாம், எதைச் சொன்னால் யாரிடம் போகும், எப்போது எங்கே இருப்பேன் என்று 20 நிமிடம் சொல்லிவிட்டு வந்தேன். தானாக வந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் அந்த வகுப்பில் என் முகத்தைப் பார்த்தவர்கள்தான். மீதிப் பேரை ஏற்கெனவே வந்துபோன ஒரு ஃப்ரெண்ட் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருப்பாள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணத்தை, நான் செய்த தப்பிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

10-ம் வகுப்புப் பெண் ஒருத்தி. அப்பா குடித்துவிட்டு வந்து ராத்திரி முழுக்க ரகளை. வீட்டுப்பாடம் எழுத முடியவில்லை, வகுப்பில் திட்டு வாங்குகிறாள். நல்லது செய்கிறோம் என்று நினைத்து அவள் கிளாஸ் டீச்சரிடம், “வீட்டில் கொஞ்சம் கஷ்டம், அப்பா குடிக்கிறார், பார்த்து நடத்துங்க” என்று சொன்னேன். அவளைக் கேட்காமல் சொன்னேன். இரண்டு நாள் கழித்து ஸ்டாஃப் ரூமில் டீ குடிக்கும்போது, அவளுக்குப் பாடமே எடுக்காத ஒருவர், “அந்தப் பொண்ணோட அப்பா பெரிய குடிகாரராமே?” என்றார். அடுத்த திங்கட்கிழமை கணக்கு டீச்சர், அவரும் இரக்கப்பட்டுத்தான், மொத்த வகுப்புக்கும் கேட்கும்படி சொல்லியிருக்கிறார்: “உன் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும்மா. நீ நாளைக்கு எழுதிட்டு வா.”

அந்தப் பெண் அதற்குப் பிறகு என்னிடம் வரவே இல்லை. அவள் செக்‌ஷனிலிருந்து அந்த வருஷம் ஒரு பிள்ளைகூட வரவில்லை. பப்ளிக் எக்ஸாமுக்கு முன்னால் அவளைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்ல மிஸ்” என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். 15 வருஷத்துக்கு மேல் ஆகிறது, அந்தப் ‘பரவாயில்ல’ இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆகவே சார், உங்கள் ஸ்டாஃப் ரூமில் பிள்ளைகளின் வீட்டு விஷயம் எவ்வளவு புழங்குகிறது என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கு அது நன்றாகத் தெரியும்.

தென்மாவட்டத்திலிருந்து எழுதுகிறீர்கள் என்பதால் இதையும் மறைக்காமல் சொல்கிறேன். புதிதாக ஒரு கவுன்சிலர் வந்தால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் முதலில் விசாரிப்பது, அவர் எந்த ஊர், எந்தத் தெரு. சாதியைத் தெரிந்துகொள்ளத்தான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தார்கள். 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் கலர் கயிறு கட்டக்கூடாது என்ற பரிந்துரையைத்தான் எல்லோரும் பேசினார்கள். பள்ளிகளுக்கு நல அலுவலர் வேண்டும் என்றும் அதில் இருக்கிறது, அதை அவ்வளவாகப் பேசவில்லை. சாதியால் அடிபட்ட பிள்ளை, ‘இவர் அந்தப் பக்கத்து ஆள்’ என்று நினைக்கிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லாது. ஒரே ஒரு கவுன்சிலரை வைத்துவிட்டு, “இருக்கிறாரே, போய்ப் பேசு” என்றால் எப்படி? ஓர் ஆண், ஒரு பெண், முடிந்தால் மாதம் ஒருமுறை வெளியூரிலிருந்து வருகிற ஒருவர் என்று இருந்தால், யாரிடம் பேசுவது என்பதைப் பிள்ளையே முடிவு செய்துகொள்ளும்.

ஆள் கணக்கையும் பாருங்கள். அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 மாணவர்களுக்கு ஒருவர் என்று பரிந்துரைக்கிறது. உங்களுக்கு 1,400 பேருக்கு ஒருவர், வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. செலவு வெட்டியா என்று இப்போதே கணக்குப் பார்க்காதீர்கள் சார்.

கேள்வி: நான் ப்ளஸ் ஒன் படிக்கிறேன். ஸ்கூல் கவுன்சிலர் மேமிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சொன்னால் அம்மாவிடமும் ஹெச்.எம்.மிடமும் சொல்லிவிடுவார்களா?
– ஒரு மாணவி, திண்டுக்கல்

கண்ணு, இந்தக் கேள்வியை அப்படியே அவரிடமே கேள். “நான் சொல்றதை யார்கிட்டயெல்லாம் சொல்வீங்க மேம்? எங்க எழுதி வைப்பீங்க?” இப்படிக் கேட்டால் நல்ல கவுன்சிலருக்குக் கோபம் வராது. நான் கேஸ் நோட்டில் பெயர் எழுதமாட்டேன், நம்பர்தான். நோட்டு இரும்பு பீரோவுக்குள் இருக்கும், சாவி என் கைப்பைக்குள். கேட்ட பிள்ளைகளுக்கு பீரோவைத் திறந்தே காட்டியிருக்கிறேன்.

மூன்று விஷயங்களை மட்டும் எங்களால் மூடி வைக்க முடியாது. நீ உன் உயிருக்கு ஏதாவது செய்துகொள்ள நினைத்தால். இன்னொருவர் உயிருக்கு ஆபத்து இருந்தால். உன்னையோ 18 வயதுக்கு உட்பட்ட வேறு யாரையோ ஒருவர் பாலியல் ரீதியாகத் தொந்தரவு செய்தால். கடைசியாகச் சொன்னதில் போக்சோ சட்டம், 2012 இருக்கிறது. தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும், தெரிவிக்காமல் விடுவதே குற்றம். அப்படி ஏதாவது நடந்திருந்தால் இதைப் படித்துவிட்டுப் பயந்து அடக்கி வைத்துவிடாதே. உன் மேல் எந்தத் தப்பும் கிடையாது. உன் பெயரையோ அடையாளத்தையோ பத்திரிகையில் போடக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. அடுத்து யாரிடம் சொல்லப் போகிறேன் என்பதை உன்னிடம் முதலில் சொல்லிவிட்டுத்தான் ஒரு நல்ல கவுன்சிலர் அடுத்த அடி எடுத்து வைப்பார்.

மற்றபடி காதல், மார்க், ஃப்ரெண்டோடு சண்டை, அப்பா அம்மா தகராறு, உடம்பைப் பற்றிய சந்தேகம் எல்லாம் அந்த அறைக்குள்ளேயே இருக்க வேண்டியவை.

இன்னும் தயக்கமாக இருந்தால் முதலில் சின்ன விஷயம் ஒன்றைச் சொல்லிப் பார். அது வெளியே வருகிறதா என்று பத்து நாள் பார். “என் ஃப்ரெண்டுக்கு ஒரு பிரச்னை மேம்” என்றுகூட ஆரம்பிக்கலாம். என்னிடம் வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் ஃப்ரெண்டுக்காக வந்தவர்கள்தான். எந்த ஃப்ரெண்ட் என்று நான் கேட்டதே இல்லை.

கேள்வி: பையன்கள் இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் போவார்களா? என் மகன் ப்ளஸ் டூ. வாயே திறப்பதில்லை.
– ஒரு தந்தை, கோயம்புத்தூர்

போவார்கள், ஆனால் நேர் எதிரே நாற்காலி போட்டு, “சொல்லுப்பா” என்றால் வாய் திறக்கமாட்டார்கள். என் அறையில் ஒரு கேரம் போர்டு வைத்திருந்தேன். ஸ்டிரைக்கரைப் பார்த்துக்கொண்டே, தலை நிமிராமல் ஒரு பையன் தன் அண்ணன் செத்துப்போனதைச் சொன்னான். காய் எல்லாம் முடிந்த பிறகும் போர்டைத் தடவிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். பல பையன்கள் முதல் இரண்டு தடவை டைம்டேபிள் போட்டுத் தரச் சொல்லி வருவார்கள், மூன்றாவது தடவைதான் விஷயம் வெளியே வரும். பள்ளியில் பி.டி. சாரிடம் ஒட்டுதலாக இருப்பார்கள், அவரிடம் பேசினாலும் நல்லதுதான். நீங்கள் செய்யக்கூடியது, பைக்கில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஒரு லாங் ரைடு போவது. முகம் தெரியாதபோது பேச்சு வரும். அழுதால், “ஆம்பளப் பையன் அழலாமா” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: என் பேத்தி கிராமத்து அரசுப் பள்ளியில் 8-ம் வகுப்பு. தாய் இல்லாத பிள்ளை, திருப்பூரில் வேலை பார்க்கும் அப்பா மாதம் ஒருமுறை வருவார். இப்போதெல்லாம் பள்ளிக்கூடம் போகவே அழுகிறது. காரணம் சொல்லமாட்டேன் என்கிறது. எங்கள் பள்ளியில் கவுன்சிலர் கிடையாது. 1098-க்குப் பேசலாம் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொல்கிறாள். என் போனைக் கொடுக்கலாமா?
– ஒரு பாட்டி, புதுக்கோட்டை மாவட்டம்

கொடுங்கள் அம்மா. 1098 குழந்தைகளுக்கான உதவி எண். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. பள்ளிக்கூட விஷயம் என்றால் தமிழக அரசின் 14417 இருக்கிறது. மனசு சம்பந்தமாகப் பேச 14416, டெலி மானஸ் என்பார்கள், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, தமிழிலேயே பேசலாம். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவிலும் இலவசமாகப் பார்ப்பார்கள்.

பள்ளியில் ‘மாணவர் மனசு’ என்று ஒரு பெட்டி இருக்கும். அது எங்கே மாட்டியிருக்கிறது என்று பேத்தியிடம் கேளுங்கள். ஹெச்.எம். அறை வாசலில், நாலு பேர் நிற்கிற இடத்தில் இருந்தால் பிள்ளைகள் சீட்டுப் போடமாட்டார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு நீங்கள் போனால், குடிநீர்க் குழாய்ப் பக்கமோ படிக்கட்டுத் திருப்பத்திலோ மாற்றி மாட்டச் சொல்லுங்கள். பாட்டி சொன்னால் கேட்பார்கள். கிளாஸ் டீச்சரைத் தனியாகப் பார்த்து, வகுப்பில் யாராவது கேலி செய்கிறார்களா, வழியில் யாராவது தொந்தரவு செய்கிறார்களா என்றும் விசாரியுங்கள். பேத்தி வயதுக்கு வந்திருந்தால், பள்ளிக் கழிவறையில் தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேளுங்கள். அதற்காகவே பள்ளிக்குப் போக அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

போனைக் கொடுக்கும்போது, “யார்கிட்ட என்ன பேசினே?” என்று கேட்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள். நம்பரைப் போடத் தெரியாவிட்டால் போட்டு மட்டும் கொடுங்கள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் பேச்சு வராது. குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விடுங்கள். அரை மணி நேரம் கழித்து வந்தால் போதும்.